உயிருடன் உள்ளார்

"வெட்கமாயில்லையா ஆன்ரி உங்களுக்கு?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுதர்சினி கண்டுவிட்டாள். யேசுவின் படத்துக்குக் கீழே கொன்ஸ்ரன்ரைனின் படம். மாலை, சிவப்பு பல்ப், இறந்த திகதி. அந்தத் திகதிக்கு வயது ஒரு வருஷத்துக்கு மேல்.

அவரைப் பார்க்கத்தான் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் அப்பிள் பை.

"இருங்கோ மகள். பிளேன்ரீ ஊத்தட்டா?" மேபல் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ஒண்டும் வேண்டாம். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கம்பசில இருந்து நான் போன் எடுக்கிறனான். எடுக்கிற நேரமெல்லாம், 'அவர் சுகமா இருக்கிறார்' எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஓமா! புருஷன் செத்ததை மறைக்கிற பெஞ்சாதியை இண்டைக்குத்தான் பார்க்கிறன்."

மேபல் படத்து மாலையை நேராக்கினாள்.

"ஆஸ்பத்திரிக் கம்பியூட்டருக்கு, வீட்டில ஆள் செத்தது தெரியாது. மரணப் பதிவுக் கந்தோருக்கு, அந்த ஆள் எங்கட கேன்சர் மருந்து ஆராய்ச்சியில இருந்தது தெரியாது. ஒண்டோட ஒண்டு கதைக்காது ஆன்ரி. வீட்டுக்காரர் சொல்லுறதுதான் எங்களுக்கு எல்லாம். நீங்கள் சொன்னதை நம்பி 'உயிருடன் உள்ளார்' எண்டு போட்டிருக்கிறன்!"

"என்ன மகள் ஆகும் அதால?"

"என்ன ஆகுமா? அந்த மருந்து வேலை செய்யுது எண்டு முடிவெடுப்பினம். அதை நம்பி இன்னும் எத்தினை பேர் அதையே குடிச்சுச் சாகப்போகினம்! எதுக்காக ஆன்ரி? நாங்கள் போட்டுவிடுற போன் ரீலோட் காசுக்காகவா?"

மேபலின் முகம் சுருங்கியது. ஹவுஸ்கோட் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"அவரை அடக்கம் பண்ணி மூண்டாம் நாள் நீங்கள் எடுத்தீங்கள். சொல்லத்தான் வாய் திறந்தனான். அதுக்கு முதல் நீங்கள் என்ன சொன்னீங்கள், ஞாபகம் இருக்கா?"

சுதர்சினிக்கு இல்லை.

"'காலமையில இருந்து எடுத்த வீடெல்லாம் செத்தவீடா இருக்கு ஆன்ரி, அங்கிளாவது இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ' எண்டு விக்கி விக்கி அழுதீங்கள். இங்க அழுறதுக்கு நாங்கள் நாலு பேர் இருந்தம். நீங்கள் அங்க தனிய இருந்தீங்கள் மகள். எப்பிடிச் சொல்லுறது? 'இருக்கிறார், நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ' எண்டிட்டன். பிறகு அவரைச் சாக்காட்ட எனக்கு வாய் வரேல்லை."

யாரோடும் எதற்கும் வாதாடக்கூடியவள் சுதர்சினி. அப்பிள் பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப்போனாள்.

நாளைக்கு முடிவுகளைப் புரொபெசரிடம் கொடுக்கவேண்டும். கொன்ஸ்ரன்ரைனின் பெயரைத் திருத்திவிடலாம். மற்றவர்கள்? அன்றைக்கு எத்தனை வீட்டில் அப்படி அழுதாள்?

பஸ் தரிப்பில் நின்று, பட்டியலில் 'உயிருடன்' என்றிருந்த அடுத்த எண்ணை அழுத்தினாள். ஹெந்தளையில் ஒரு வீடு. தங்கையாவின் மனைவி ஆறாயி எடுத்தாள்.

இந்த முறை அழவில்லை, கெஞ்சவில்லை. உள்ளதை மட்டும் கேட்டாள்.

"அம்மா, தங்கையா ஐயா இருக்கிறாரா? உண்மையைச் சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் டீவிச் சத்தம் குறைந்தது.

"நல்லாத்தான் இருக்காரு புள்ள. ஒன் கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"