காலித் தொட்டி

"நகராட்சியில இனிமே குப்பையை எடை போட்டுக் காசு வாங்குவாங்களாமா? என்கிட்டயா? ஒரு கை பார்த்துடறேன்!" என்று மீசையை முறுக்கினார் கணக்கு வாத்தியார்.

அன்றே கொல்லையில் குழி வெட்டி, காய்கறித் தோலையெல்லாம் அதில் கொட்டி மூடினார். கடைக்குத் துணிப்பையோடு போனார். பிளாஸ்டிக் உறைகளைக் கடைக்காரர் மேஜையிலேயே உரித்துப் போட்டுவிட்டு வந்தார்.

வாரக் கடைசியில் தராசோடு வந்த குப்பை வண்டிக்காரரிடம் தொட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"சல்லிக்காசு பேராது! போய் உங்க கமிஷனர் மேடம்கிட்ட சொல்லுங்க!"

வண்டிக்காரர் வாசலைப் பார்த்துச் சிரித்தார். "மேடமே கேட்டுட்டாங்க சார்."

நகராட்சி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள் வாத்தியாரின் மனைவி.

"குப்பையைக் குறைங்கன்னு இத்தனை வருஷம் கெஞ்சினேன், நீங்க அசையலை. அதாங்க, ஊருக்கே கட்டணம் போட்டேன்!"