வெள்ளி முலாம் கம்பி

"இப்போ கேக்கறதாம்மா?" உள்ளறையிலிருந்து பூமா கத்தினாள்.

"கொசு பாடறாப்பல கேக்கறது" என்றாள், கூடத்தில் புளி உருட்டிக்கொண்டிருந்த அம்புஜவல்லி.

அறை வாசலில் கனத்த திரை. அதற்குப் பின்னால் பூமாவும் அவள் அண்ணன் ரங்குவும் காலையிலிருந்து கிட்டாருக்குக் கம்பியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் போய்வந்த மாமா கொடுத்த கிட்டார் அது. கூடவே ஜிப்ஸிகள் வாசித்த ஜாஸ் இசைத்தட்டு ஒன்றையும் கொடுத்தார். அன்றோடு அந்த வீட்டின் நிம்மதி போயிற்று.

"ஆத்துல இருக்கற பழைய கிட்டார் போறாதா? திரையையாவது தூக்கி விடுங்கோ, நன்னா கேக்கும்."

"திரை இருக்கட்டும்மா."

அம்புஜவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் அவளுக்கும் கவலைதான். நாளை தசரா பொருட்காட்சி மேடையில், பேண்டு மாஸ்டர் பசவராஜின் டிரம்பெட்டுக்கு எதிராகக் கிட்டாரோடு ரங்கு உட்கார வேண்டும். மைக் கிடையாது. "டிரம்பெட்டை மீறிக் கடைசி வரிசைக்குக் கேட்டால், வாசிப்பது யாரானாலும் என் பேண்டில் இடம்" என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார். கேட்காது என்பதில் மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை!

"இது எப்படி?"

"அம்மியை நகர்த்தறாப்பல இருக்கு. சத்தம் இருக்கு, பாட்டைக் காணோம்."

மெல்லிய கம்பியில் இனிமை இருந்தது, சத்தம் இல்லை. தடித்த கம்பியில் சத்தம் இருந்தது, துள்ளல் இல்லை. கடைசியில், தேவராஜ மொஹல்லா வாத்தியக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய கம்பிகளை மாட்டினார்கள். உருக்கின் மேல் வெள்ளி முலாம் பூசிய செம்பைச் சுற்றிய கம்பி. அதைத் தாங்கும் குதிரையையும் கொஞ்சம் உயர்த்தினார்கள்.

அம்புஜவல்லியின் கையிலிருந்த புளி கீழே விழுந்தது. "பெருமாளே! கோவில் மணியாட்டம்னா கணீர்னு இருக்கு!"

"இதுல வாசிச்சா விரல் கிழிஞ்சுடும், பூமா" என்றான் ரங்கு.

"கிழிஞ்சா கிழியட்டும்."

"பிறத்தியார் விரல்னா உனக்கு இளக்காரமாடி?" என்று அம்மா அதட்டினாள்.

மறுநாள் பந்தலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பூமா பெரிய வீணை உறையைத் தோளில் சாத்திக்கொண்டு, மேடையை ஒட்டிப் பெண்களுக்காகக் கட்டியிருந்த திரைக்குள் போய் உட்கார்ந்தாள். உள்ளே பெண்கள் ஏனோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள்.

மேடையில் ரங்கு நாற்காலியைத் தள்ளித் தள்ளி அந்தத் திரையோரமே போட்டுக்கொண்டான்.

"என்னப்பா, இப்பவே ஓடறதுக்கு வழி பாக்கறியா?" என்றார் பசவராஜ்.

"வெளிச்சம் கண்ணைக் கூசறது, மாஸ்டர்."

பசவராஜ் கண்ணை மூடி, கன்னம் உப்ப ஊதினார். பந்தல் அதிர்ந்தது. கிட்டார் துள்ளிக்கொண்டு எழும்பியது. டிரம்பெட்டின் மேலேறி, கீழிறங்கி, அதற்கு மூச்சு வாங்கிய நேரத்தில் முந்திக்கொண்டு ஓடியது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று, "கேக்குது! கேக்குது!" என்று தலைப்பாகைகளை வீசினார்கள்.

பசவராஜ் டிரம்பெட்டை இறக்கினார். தோற்றால் ஒப்புக்கொள்ளும் மனிதர். "ஷபாஷ்! தோத்துட்டேன்! வாசிச்ச கைக்கு நாளையிலேர்ந்து என் பேண்டுல இடம்!"

"நிஜமாவா, மாஸ்டர்?"

"சாமுண்டி மேல ஆணையப்பா!"

ரங்கு தன் கிட்டாரை அவர் காதருகே கொண்டுபோய் ஓங்கி மீட்டினான். ஒரு சத்தமும் வரவில்லை.

"ஆத்துல கிடந்த பழசு, மாஸ்டர். கம்பியில்லே, பட்டு நூலைத்தான் தொய்வாக் கட்டியிருக்கேன்" என்றபடி திரையை விலக்கினான்.

அங்கே, பாரிஸ் கிட்டாரை மடியில் வைத்து, கிழிந்த விரலை வாயில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தவளைத்தான், "பொம்பளைக் கைம்மா, சத்தமே வராது" என்று போன மாதம் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார் பசவராஜ்.