வெள்ளை மேசைவிரிப்பு

"இதுல கறை பட்டா என் வேலையே போயிடும்டி!" என்று புலம்பினார் சலவைக்கடை ஊழியர்.

மகளுக்கு மாமனாராக வரப்போகும் சம்பந்தியை விடுமுறை விருந்துக்குக் கூப்பிட்டாகிவிட்டது. வீட்டில் நல்ல விரிப்பு இல்லை. வெளுக்க வந்த ஹோட்டல் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மானம் போறதுக்குப் பதிலா வேலை போகட்டும்," என்று மனைவி காலி ஜாம் பாட்டிலில் செருகிய மெழுகுவத்தியை ஏற்றினாள்.

பெரிய உத்தியோகம் என்று சொல்லியிருந்த சம்பந்தி, கோட்டும் சூட்டுமாக வந்து உட்கார்ந்தார். விரிப்பின் ஓரத்தைத் தடவிய விரல் சட்டென்று நின்றது. அங்கே ஊக்கு குத்திய சலவைச் சீட்டு!

ஊழியர் சீட்டைக் கையால் மறைக்கப் பார்த்தார். கல்யாணம் அவ்வளவுதான்.

சம்பந்தி மெல்லக் குனிந்து, கோட்டின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் ஒரு சலவைச் சீட்டு.

"பார்த்துப் பரிமாறச் சொல்லுங்க, சம்பந்தி. இதுல கறை பட்டா என் வேலையும் போயிடும்."