அறுந்த வளையம்

ஒன்றிலிருந்து அடுத்ததற்கென்று கேபிளால் வளையமாகக் கோத்திருந்த பத்துக் கம்ப்யூட்டரிலும் ஒரே சமயத்தில் நெட்வொர்க் போய்விட்டது. பரீட்சை நாளும் அதுவுமாகவா இப்படி ஆகவேண்டும்! லெக்சரர் சோமசேகரன் ஓடிப்போய் ஒவ்வொரு திரையாகப் பார்த்தார்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நீலமேகம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“என்ன சார், உங்க வளையம் படுத்துடுச்சா? நடுவுல ஒரு பெட்டிய வச்சு எல்லாத்தையும் அதுல சொருகுங்கன்னு போன தடவையே சொன்னேன். கேட்டாத்தானே?”

“வளையத்துல தள்ளுமுள்ளு கிடையாது சார். சுத்தி வர்றப்ப எல்லாருக்கும் அவங்கவங்க முறை கிடைச்சுடும்.”

“கிடைக்கும், கிடைக்கும். ஒரு இடத்துல விட்டுச்சுன்னா அத்தனை பேரும் காலி. இப்ப பாக்கறீங்கள்ல?”

“இப்ப சரி பண்ணிடறேன் சார்.”

“பண்ணுங்க. இல்லேன்னா இதைக் கழட்டிப் போடச் சொல்லி எழுதிட்டுத்தான் போவேன்.”

சோமசேகரனுக்குச் சுருக்கென்றது. தலத்தெரு என்ற ஊரில் இருந்த அந்தச் சின்ன பாலிடெக்னிக்கில், லீவு நாளென்றும் பாராமல் தன் கையாலேயே கேபிள் இழுத்து அவர் கட்டிய லேப் அது. பெற்ற பிள்ளையைப் பழித்தது போல இருந்தது.

தரையில் மண்டி போட்டு, முதல் கம்ப்யூட்டரின் பின்னால் கையை விட்டார். சரியாக இருந்தது. அடுத்ததற்கு நகர்ந்தார். வளையத்தில் எங்கே விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தடவித்தான் பார்க்கவேண்டும், வேறு வழியில்லை.

பிள்ளைகள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெட்வொர்க் வந்து திரையில் கேள்வி தெரிந்துவிட்டால் பரீட்சை தொடங்கியதாகக் கணக்கு. அதன்பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது. வராதவர்களுக்கு ஒரு வருஷம் போச்சு.

ஒரே ஒரு நாற்காலி காலி. திருவேட்டக்குடி வினோதினியுடையது.

காலையிலேயே அவள் தோழி இளவேனில் வந்து கெஞ்சியிருந்தாள். “அவ அண்ணன் போன படகு இன்னும் கரை திரும்பல சார். நேத்து அடிச்ச காத்துல என்ன ஆச்சோ, அவ கடக்கரையிலேயே நிக்கிறா. சுனாமில அப்பாவைப் பறிகொடுத்தவ சார். கொஞ்சம் லேட்டா ஆரம்பிங்களேன்.”

“யாருக்குத்தாம்மா கஷ்டம் இல்ல? நேரம்னா நேரம்தான்” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பியிருந்தார்.

இப்போது இளவேனிலின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டவர் சட்டென்று நிறுத்தினார். கேபிள் கழன்று கிடந்தது. அது தானாகக் கழலவில்லை. அதன் நுனி அவள் கைக்குள் இருந்தது.

“அடிப்பாவி, நீயா?” என்றார் தணிந்த குரலில். “நான் வாயைத் தொறந்தா உன் பரீட்சையும் போயிடும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் எதுக்கு இந்த வேலை?”

“இப்ப எல்லாருக்கும்தானே நிக்குது சார். அவளை மட்டும் விட்டுட்டுப் போக மனசு வரல. படகு வந்துட்டா ஓடி வந்துடுவா.”

“வரலேன்னா?”

கேட்டபிறகுதான், கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. இளவேனில் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். கேபிளை மட்டும் விடவில்லை.

“என்ன சார், கிடைச்சுதா இல்லையா?” நீலமேகம் பேனாவைத் திறந்தார். “எழுதிடட்டுமா?”

சோமசேகரன் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டார்.

“எழுதிக்குங்க சார். எங்க விட்டிருக்குன்னே எனக்குப் புரியல. மறுபடியும் முதல் கம்ப்யூட்டர்லேர்ந்து பாத்துட்டு வரேன்.”