பழசுக்குத்தான் பவர்

பல் டாக்டர் மூன்றாவது நாளாகச் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சை எடுத்தார்.

"நம்ம கார் ஏத்தத்துல முக்குது. பழைய கார் கடையில ஒண்ணு பார்த்தேன். அது பன்னிரண்டு வருஷப் பழசுதான், ஆனா இருநூறு குதிரை சக்தி! ஒரு மிதி மிதிச்சா அத்தனை பேரும் பின்னாடிதான்."

"அப்ப மாத்திடுங்க" என்றாள் மனைவி. பள்ளித் தலைமை ஆசிரியை.

சண்டைக்குத் தயாராக வந்திருந்த டாக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"பெட்ரோல் நிறைய குடிக்குமே?" என்று அவரே கேட்டார்.

"குடிக்கட்டுங்க. ஆம்பளைக்கு ஒரு கெத்து வேணாமா?"

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. மறுநாளே அந்தக் கடையில் தங்கள் மூன்று வருடக் காரைக் கொடுத்துவிட்டுப் பழசை ஓட்டி வந்தார்.

ஒரு வாரம் தெருவே அதிர்ந்தது. சனிக்கிழமை அவர் வீட்டு வாசலுக்குள் காரைத் திருப்பினால், உள்ளே அவர் கொடுத்த கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் மனைவி.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"கடையில போய் நான்தான் வாங்கினேன். என் பேர்ல."

"பைத்தியமா உனக்கு? இது நம்ம கார்தானே!"

"நம்ம காரா? நான் லைசென்ஸ் எடுத்து மூணு வருஷமாச்சு. ஒரு நாளாவது சாவியைக் கையில குடுத்தீங்களா? கொஞ்சம் வழி விடுங்க, நான் வெளிய போகணும்."

டாக்டர் ரிவர்ஸ் எடுத்தார்.