பக்கத்து ஊர் டாக்டர்

பிறந்து இரண்டு நாளான மகனின் தொடை நடுவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை ஒட்டிவிட்டுப் போனாள் நர்ஸ். சிறுநீர் பிடிக்கிற பை. நாகவள்ளிக்குப் பெருமை பிடிபடவில்லை.

இருக்காதா பின்னே? பர் துபாயின் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு வெள்ளைக்காரி. அவளுக்கும் அதே நாளில்தான் பிரசவம், இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி கை கால் உதறல். ஆனால் பை ஒட்டியது இவள் பிள்ளைக்கு மட்டும்.

"எனக்கும் யூரின் டெஸ்ட் எடுத்திருக்காங்க. அந்த வெள்ளைக்காரிக்கு ஒண்ணும் கெடையாது. எல்லாம் நம்ம வசந்தகுமாரி அக்கா இருக்கற புண்ணியம்தான்!" என்று கணவன் சதீஷ்குமாருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாள்.

குழந்தைகள் டாக்டர் வசந்தகுமாரிக்குப் பழனி. நாகவள்ளிக்கு ஒட்டன்சத்திரம். கடல் தாண்டி வந்த இடத்தில் பக்கத்து ஊர்க்காரி டாக்டராகக் கிடைத்தால் விடுவாளா? பார்த்த அன்றைக்கே அக்கா என்று உறவு கொண்டாடிவிட்டாள்.

அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. வெள்ளைக்காரியின் குழந்தையைத் தொடுவதற்கு முன்னால், தொடலாமா என்று இங்கிலீஷில் பணிவாகக் கேட்பார். இந்தப் பக்கம் வந்தால் கேட்பதெல்லாம் கிடையாது, பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொள்வார். அந்த உரிமையைப் பார்த்துப் பார்த்து நாகவள்ளி பூரித்துப்போவாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று மணியாயிற்று, நாலாயிற்று. பால் கட்டிக்கொண்டு மார்பு தெறித்தது. பிள்ளை வந்தபாடில்லை.

தரை துடைத்துக்கொண்டிருந்த இலங்கைக்காரம்மா மரியம், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள்.

"மகள், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா? பிள்ளைக்குக் கை கால் உதறினா, தாய் போதை மருந்து எடுத்தவளா எண்டு பாக்கிற டெஸ்ட் அது. ரிசல்ட் வாற வரைக்கும் பிள்ளையத் தர மாட்டாங்க. பாலும் குடுக்க விடமாட்டாங்க."

நாகவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போதை மருந்தா? தலைவலி மாத்திரைக்கே பத்து தடவை யோசிக்கிறவள் அவள். அடுத்த நொடி ஞாபகம் வந்தது. அம்மா அரைத்துக் கொடுத்தனுப்பிய குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தாளே, பாவி! அபின் செடியின் விதை என்று, இந்த ஊரில் அது கையில் இருந்தாலே ஜெயில் என்கிறார்கள்.

மறுபடியும் போன் போட்டாள். சதீஷ்குமார் பதறிப்போனான்.

"பாசிட்டிவ்னு வந்தா போலீஸ்தான் நாகு. உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. பிள்ளைய யார் கையில குடுப்பாங்களோ... நான் சைட்லேர்ந்து கெளம்பிட்டேன்."

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். நாகவள்ளி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ரெண்டு குழந்தையும்தானே உதறுச்சு? எங்களை மட்டும் ஏன்க்கா சந்தேகப்படறாங்க? தோல் கறுப்புன்னா போதை மருந்து திங்கறவளா?"

"அழாதம்மா. மேல இருக்கறவங்க புத்தி அப்படி. நாம என்ன பண்ண முடியும்?" என்று தலையைத் தடவிக் கொடுத்தார் டாக்டர். "நீ வாயைத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

நாகவள்ளிக்குத் தெரிந்து இந்த வார்டில் மேலே இருப்பது யார்? தலைமை நர்ஸ், இங்கிலாந்துக்காரி. அன்று சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு நாகவள்ளி விடாத சாபமில்லை.

ஆறு மணிக்கு ரிசல்ட் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமே இல்லை. பிள்ளை மார்பில் வாய் வைத்தபோதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

உயிர் வந்ததும் ஆத்திரமும் வந்தது. பால் குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தையல் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, நேரே தலைமை நர்ஸின் அறைக்கு நடந்தாள். விஷயம் தெரிந்து டாக்டர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"வேணாம் நாகு, விட்டுடு. நல்லபடியா முடிஞ்சுதே, அப்புறம் என்ன?"

"நீங்க இங்க வேலை பாக்கறவங்க, பயப்படறீங்க. எனக்கென்ன பயம்? உங்க பேரை இழுக்க மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

தெரிந்த இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். பெற்ற பிள்ளையை ஆறு மணி நேரம் பிரித்து வைத்தீர்களே, உங்கள் இனத்துக்காரி என்றால் செய்வீர்களா என்று கேட்டாள். தலைமை நர்ஸின் முகம் சிவந்துவிட்டது. ஃபைலை எடுத்துப் புரட்டினாள்.

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். டெஸ்டுக்கு உத்தரவு போடுவது டாக்டர்தான், நர்சுகள் இல்லை. உதறல் இருந்தால் எந்த நாட்டுக் குழந்தையானாலும் எடுக்க வேண்டும், அதுவும் தாயிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு ஏன் எழுதவில்லை என்று அவளுக்கே புரியவில்லையாம்.

காகிதத்தை நாகவள்ளி பக்கம் திருப்பிக் காட்டினாள். அடியில், எந்தச் சந்தேகமும் இல்லாமல், வசந்தகுமாரியின் கையெழுத்து.

நாகவள்ளி மெல்லத் திரும்பினாள். "அக்கா... நீங்களா?"

தலைமை நர்ஸும் பதிலுக்காக டாக்டரையே பார்த்தாள். அவளுக்குப் புரியாமல் இருக்க, டாக்டர் நாகவள்ளியின் காதருகே குனிந்து தமிழில் சொன்னார்.

"நம்ம ஆளுங்கன்னா ஏன்னு கேக்க மாட்டாங்கன்னுதாம்மா."