ஒன்பது மரங்களின் விலாசம்

"ஒரு மரம்கூட இல்ல சார். இடுப்பளவு சேறு, தலை உயரத்துக்குக் கோரைப் புல்லு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, இன்னும் சேறு காயாத தன் ஷூவைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார் சர்வேயர்.

வன ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'அளவுகோல்'. எல்லோரையும்போலக் காய்ச்சல் என்று எழுதாமல், 'சோம்பலாக இருக்கிறது' என்று விடுப்புக் கடிதம் கொடுத்த மனிதர். அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் இல்லைதான்.

இயக்குநர், எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாகக் காடே கதி என்று அலைந்தவர். அலுவலகம் முழுக்க அவரை 'மரத்தக்கா' என்றுதான் கூப்பிடும்.

"என்ன மேடம் இது? கரையான் தொடாது, தண்ணியில ஊறாதுன்னு வெட்டி வெட்டியே தீர்த்த மரம். முப்பது வருஷமா யார் கண்ணுலயும் படல. ஒன்பது நிக்குதுன்னு அறிக்கை கொடுத்தீங்க. ஊரே கை தட்டுச்சு. இப்பப் போய்ப் பார்த்தா கோரைப் புல்லு!"

"எழுதும்போது கவனப்பிசகு சார்."

"கவனம் பிசகினா அட்சரேகை, தீர்க்கரேகையில ஒரு எண் மாறும். எட்டு எண்ணுமா மாறும்? இடம் போடாத அறிக்கையை வெளியிட மாட்டேன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினவன் நான்தான். அதுக்காக வாய்க்கு வந்த இடத்தைப் போட்டுடுவீங்களா?"

மரத்தக்கா குனிந்து மேசையைப் பார்த்தார்.

"எங்க ஜீப்பும் புதைஞ்சிடுச்சு சார்" என்றார் சர்வேயர். எதையும் விட்டுவிடாமல் சொல்வது அவர் வழக்கம். "நல்லவேளை, ஏற்கெனவே ரெண்டு லாரி அச்சு வரைக்கும் இறங்கிக் கிடந்துச்சு. அதுல கயிறு கட்டித்தான் ஜீப்பை இழுத்தோம்."

"லாரிக் கதையெல்லாம் இப்ப எதுக்குய்யா?"

மரத்தக்கா மட்டும் நிமிர்ந்தார். "லாரிக்காரங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"யாரும் இல்ல மேடம். அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க போல."

இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. "கடைசியாக் கேக்கறேன் மேடம். மரம் இருக்கா? இருந்தா சரியான இடத்தைச் சொல்லுங்க. இப்பவே திருத்திடலாம். உங்க பேரும் தப்பிக்கும்."

"ஞாபகம் இல்ல சார்."

"அப்ப அந்த போட்டோ எல்லாம்?"

"பழைய போட்டோவா இருக்கும் சார்."

இதற்கு மேல் என்ன கேட்பது? இயக்குநர் ஒரு தாளை நகர்த்தினார். 'தவறான தகவல் தந்தமைக்கு வருந்துகிறேன்' என்று அச்சடித்து வைத்திருந்தார். மரத்தக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த மாசம் உங்களைத் துணை இயக்குநர் நாற்காலியில உட்கார வைக்கலாம்னு இருந்தேன். அதை மறந்துடுங்க."

"சரி சார்."

பொய்யைப் பிடித்துக் கொடுத்த சந்தோஷம் சர்வேயருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நேரே மரத்தக்காவின் அறைக்குப் போனார்.

மரத்தக்கா ஜன்னலோரம் நின்று, வரிசையாக இருந்த காகிதக் கோப்பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் செடி. எல்லாவற்றிலும் 'மிளகாய்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

சர்வேயர் ஒரு இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் செம்பு நிறம். அறிக்கையில் போட்டோவோடு பார்த்திருக்கிறார். 'இந்த மரத்தின் விதை உதிர்ந்தால் பத்து நாள்தான் உயிரோடு இருக்கும்' என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததும் ஞாபகம் வந்தது. அப்படியானால் இது இப்போதுதான் பொறுக்கிய விதை.

"இது மிளகாய்ச் செடி இல்லையே அக்கா."

"இல்லதான்."

சர்வேயர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த லாரியில மரம் அறுக்கிற மெஷின் நாலு இருந்துச்சு அக்கா. சேத்துக்காட்டுக்கு எதுக்கு மெஷின்னு எனக்கு அப்பவே உறைக்கல."

"நாலா?" மரத்தக்கா சிரித்தார். "பாவம், மரம் திருட வந்தவங்க அறிக்கையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க. நம்ம ஆபீஸ்லகூட யாரும் அவ்வளவு சிரத்தையாப் படிக்கல."

"நான் போய் இயக்குநர்கிட்டச் சொல்லிடறேன்."

"சொன்னா சரியான இடம் எதுன்னு கேப்பாரு. நல்ல மனுஷன்தான். ஆனா கேட்டதைப் பத்திரமா வெப்சைட்ல போட்டுடுவாரு."

"அதுக்காக? ஆயுசுக்கும் பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு இருப்பீங்களா?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் தம்பி. அந்த ஒன்பதுல கடைக்குட்டிக்கே இருநூறு வயசு இருக்கும்."

மரத்தக்கா சட்டென்று திரும்பி, ஒரு கோப்பையை எடுத்துச் சர்வேயர் கையில் கொடுத்தார். "வெயில் படாம வைங்க. தண்ணி கொஞ்சமா ஊத்துங்க."

 இப்படி ஒரு மனுஷியையா காலையில் காட்டிக்கொடுத்தோம் என்று சர்வேயர் கூசிப்போனார். கோப்பையைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தன் மேசைக்கு வந்தார்.

ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. 'இந்த மரம் வேறு எங்கேனும் இருப்பதற்கான அடையாளம் உண்டா?'

அளவுகோல் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு அழுத்தமாக எழுதினார்: 'இல்லை. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.'

கையெழுத்துப் போட்டு முடித்து, குடித்து மிச்சமிருந்த தண்ணீரை, இல்லாத அந்த மரத்துக்குக் கொஞ்சமாக ஊற்றினார்.